ஆடாத பிரோக்: பிளைவுட்டில் மீன்பிடிப் படகு கட்ட முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சதுப்பு நிலங்களில் மீன் பிடிக்கிறவர்கள் பயன்படுத்தும் சின்னப் படகு பிரோக். அடிப்பாகம் தட்டை, இரண்டு முனையும் கூர், நாலு விரற்கடை தண்ணீர் இருந்தாலே ஓடும். இரவில் நல்ல பனி இறங்கினால் அதிலேயே மிதக்கும் என்று அங்கே சொல்வார்கள். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே சிட்டிமாச்சா போன்ற பூர்வகுடிகள் சைப்ரஸ் மரத்தை நெருப்பால் கரியாக்கி, கரியைச் சுரண்டி, ஒரே மரத்தில் வள்ளம் குடைந்தார்கள். 1755இல் தொடங்கி கனடாவின் அக்காடியாவிலிருந்து வெளியேற்றப்பட்ட பிரெஞ்சு மக்களில் பலர் பின்னர் லூசியானாவுக்கு வந்து சேர்ந்து, அந்த வள்ளத்தைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். 1880களுக்குப் பிறகு சில பத்தாண்டுகளில் பெரிய சைப்ரஸ் மரங்களெல்லாம் வெட்டித் தீர்க்கப்பட்டன. குடைய மரம் இல்லாமல் போனதும் பலகையில் கட்டினார்கள், அப்புறம் பிளைவுட்டில். இங்கே சொல்லப்போவது அந்தப் பிளைவுட் பிரோக்கைப் பற்றி.

தச்சு வேலை ஓரளவு தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் கட்டிவிடக்கூடிய படகு இது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பல வரைபடங்களை அப்படியே பின்பற்றினால், தூண்டில் வீசத் தோளைத் திருப்பினாலே சாயும் படகுதான் கிடைக்கும். அதனால் ரம்பத்தை எடுப்பதற்கு முன் கணக்கிலிருந்து தொடங்குவோம்.

நிலைத்தன்மை எங்கிருந்து வருகிறது

தட்டை அடிப் படகு சாயாமல் நிற்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. தண்ணீர் மட்டத்தில் படகு எவ்வளவு அகலம்? ஏறியவரின் எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? மற்றதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

அகலத்தின் பங்கு நாம் நினைப்பதைவிட மிகப் பெரியது. படகை நிமிர்த்தும் திறன் அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. அடிப்பலகையின் அகலத்தை 24 அங்குலத்திலிருந்து 30 அங்குலமாக்கினால், அகலம் கூடியது கால் பங்குதான். நிமிர்த்தும் திறனோ ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நீளத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. இரண்டடி நீளம் கூட்டுவதைவிட ஆறு அங்குலம் அகலம் கூட்டுவது பல மடங்கு பலன் தரும்.

இப்போது இருக்கையின் உயரம். தலா 70 கிலோ எடையுள்ள இருவர், 20 கிலோ சாமான், 35 கிலோ படகு, மொத்தம் 195 கிலோ என்று வையுங்கள். 30 அங்குல அடிப்பலகை உள்ள படகில், மொத்த எடையின் மையம் அடிப்பலகையிலிருந்து ஏறக்குறைய 50 செ.மீ. உயரத்துக்குக் கீழே இருக்கும்வரை படகு தானாக நிமிரும். 24 அங்குலப் படகில் அந்த எல்லை 30 செ.மீ. சொச்சம்தான். பத்து அங்குல உயரத்தில் பலகை போட்டு உட்கார்ந்தால் எடை மையம் 39 செ.மீ. அளவுக்குப் போய்விடும்; குறுகிய படகில் அது எல்லையைத் தாண்டிவிட்டது, அகலப் படகில் இன்னும் 10 செ.மீ. கையிருப்பு இருக்கிறது. இருக்கையை ஐந்து அங்குலத்துக்கு இறக்கினால் மையம் 30 செ.மீ.க்கு வந்து, கையிருப்பு இரட்டிப்பாகும். ஆகவே 30 அங்குல அடி, ஐந்து அங்குல இருக்கை. இந்த இரண்டு எண்ணையும் மாற்றாதீர்கள்.

அளவுகள்

மொத்த நீளம் ஏறக்குறைய பதினைந்தரை அடி. நடுவில் அடி அகலம் 30 அங்குலம், மேல் அகலம் 35 அங்குலம். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 4 அடி தள்ளி, அடி அகலம் 22, மேல் அகலம் 26 அங்குலம். பக்கப்பலகை 12 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

பக்கங்கள் மேலே போகப்போக வெளியே சாய்வதைக் கவனியுங்கள். படகு ஒருபக்கம் சாயும்போது, அந்தச் சாய்வு தண்ணீரில் இறங்கி அகலத்தைக் கூட்டித் தாங்கும். அதற்காக அளவுக்கு மீறிச் சாய்க்கவும் கூடாது. நேரான பலகையைச் சாய்த்து வளைத்தால் அதன் கீழ் விளிம்பு முனைகளில் தானாக மேலே எழும்பும். இந்த அளவில் அடியின் வளைவு சுமார் 3 அங்குலம் வரும். திருப்புவதற்கு எளிது, நேராகவும் ஓடும். சாய்வை இரட்டிப்பாக்கினால் முனைகள் இரண்டும் காற்றில் தூக்கிக்கொண்டு நிற்கும், துடுப்புப் போடும் ஒவ்வொரு தடவையும் படகு திசை மாறும்.

மேலே சொன்ன 195 கிலோவுக்கு நடுப்பகுதி ஏறக்குறைய 4 அங்குலம் தண்ணீரில் இறங்கும். விளிம்புக்கு ஏழு அங்குலத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்.

மரமும் பசையும்

6 மி.மீ. மரைன் பிளைவுட், எட்டுக்கு நாலு அடி ஷீட் மூன்று. இந்தியாவில் வாங்குகிறவர்கள் ஷீட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.எஸ். 303 என்று இருந்தால் அது வீட்டு வேலைக்கானது. வெளிநாட்டில் இருப்பவர்கள் பி.எஸ். 1088 முத்திரையைத் தேடுங்கள். முத்திரையோடு நின்றுவிடாமல், ஒரு சிறு துண்டை அறுத்துச் சில மணி நேரம் கொதிக்க வைத்துப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் அந்த ஷீட் படகுக்கு ஆகாது. அறுத்த விளிம்பில் ஓட்டை தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வெற்றிடமும் பின்னால் தண்ணீர் தேங்கும் இடம்.

இரண்டு ஷீட்டில் முடிக்கலாம் என்று சொல்லும் வரைபடங்கள் உண்டு. அப்படிச் செய்தால் பக்கங்களுக்குப் போக அடிக்கு 24 அங்குலம்தான் மிஞ்சும். மூன்றாவது ஷீட்டின் விலைதான் நீங்கள் நிலைத்தன்மைக்குக் கொடுக்கும் விலை. அதில் சிக்கனம் வேண்டாம்.

சட்டங்களுக்கு லூசியானாவில் சைப்ரஸ். தமிழ்நாட்டில் கட்டுவதானால் அயினி நல்லது. கேரளத்து வள்ளங்களில் காலங்காலமாகப் புழங்கிய மரம், கனம் அதிகமில்லை, எளிதில் உளுக்காது. எந்த மரமானாலும் கணு இல்லாத, நேரான ரேகை ஓடும் ரீப்பர்களாக (நீண்ட மெல்லிய சட்டங்களாக) பொறுக்குங்கள். வளைக்கும்போது ரீப்பர் ஒடிவது கணு இருக்கும் இடத்தில்தான்.

பசை எபாக்ஸி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் பசை. ஃபைபர் வேலைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் மலிவு, ஆனால் மரத்தை அந்த அளவுக்குப் பிடிக்காது. ஸ்க்ரூக்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்பு ஆணி துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொடாதீர்கள். தொடர்ந்து தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், வந்தால் எளிதில் போகாது.

படி 1: பலகையை அறுத்து நீட்டுதல்

ஒரு ஷீட்டை நீளவாக்கில் நான்கு பட்டைகளாக அறுங்கள். ரம்பத்தின் தடிப்பும் போகுமாதலால் ஒவ்வொன்றும் 12 அங்குலத்துக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைவாக வரும். இரண்டிரண்டாக இணைத்தால் இரண்டு பக்கப்பலகை.

இந்த இணைப்பைச் சாய்வு ஒட்டாக, அதாவது இரண்டு முனையையும் சரிவாக இழைத்துச் சரிவோடு சரிவு ஒட்டுவதாகப் போடுங்கள். பின்னால் ஒரு துண்டு வைத்து ஒட்டுவது எளிதுதான். ஆனால் இணைப்பு படகின் நடுவில், வளைவு அதிகமாக இருக்கும் இடத்தில் வருகிறது. துண்டு வைத்த இடம் வளையாமல் முறைத்துக்கொண்டு நிற்கும்.

சாய்வு ஒட்டு பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. நான்கு பட்டைகளையும் மேசை விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேலே உள்ளது ஒவ்வொன்றும் கீழே உள்ளதைவிட 2 அங்குலம் உள்ளே தள்ளி இருக்கட்டும். கிளாம்ப் போட்டு இறுக்கி, அந்தப் படிக்கட்டு முழுவதும் ஒரே சரிவாகும்வரை கூர்மையான இழைப்புளியால் இழையுங்கள். பிளைவுட்டின் அடுக்குகள் கோடுகளாகத் தெரியும். கோடுகள் நேராகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருந்தால் சரிவு சரி. கோடு எங்காவது வளைந்தால் அங்கே பள்ளமோ மேடோ இருக்கிறது.

ஒட்டும்போது முதலில் வெறும் எபாக்ஸியை இரண்டு சரிவிலும் தடவி, பத்து நிமிடம் மரம் குடிக்கவிடுங்கள். அப்புறம் நைசான மரத்தூள் கலந்த எபாக்ஸி. அடியிலும் மேலேயும் பிளாஸ்டிக் தாள் விரித்து, பலகை முழு நீளத்துக்கும் நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்து, நகராமல் இருக்க இரண்டு சின்ன ஆணி அடித்து, மேலே கனம் வையுங்கள். கிளாம்பை முறுக்கி இறுக்க வேண்டாம். பசையெல்லாம் வெளியே வழிந்துவிட்டால் ஒட்டு பலவீனமாகும். ஒரு நாள் தொடாமல் விடுங்கள்.

ஒட்டு காய்ந்ததும் இரண்டு பக்கப்பலகையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து முனைகளை வெட்டுங்கள். கீழ் மூலையிலிருந்து 5 அங்குலம் உள்ளே குறித்து, அங்கிருந்து மேல் மூலைக்குச் சாய்வாகக் கோடு போட்டு வெட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்தே வெட்டுவது அவசியம். ஒரு பக்கம் மற்றதைவிட அரை அங்குலம் நீண்டாலும் படகு முறுக்கிக்கொள்ளும்.

படி 2: வங்குகளும் முனைக்கட்டைகளும்

வங்கு என்பது படகுக்குள் குறுக்காக நின்று உருவத்தைப் பிடித்து வைக்கும் சட்டம். வங்கு மூன்று: நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் 4 அடி தள்ளி ஒவ்வொன்று. முக்கால் அங்குலத் தடிப்புள்ள மரத்தில் அடிச்சட்டமும் இரண்டு கைகளும் செய்து, மூலைகளில் பிளைவுட் துண்டு வைத்து ஒட்டி ஸ்க்ரூ போடுங்கள். தரையில் முழு அளவில் வரைந்து, வரைந்த கோட்டின் மேலேயே வைத்து இணைத்தால் அளவு பிசகாது. ஒவ்வொரு வங்கின் கீழ் மூலையிலும் ரீப்பர் உட்காரக் காடி வெட்டுங்கள். காடிக்குப் பக்கத்தில் விரல் நுழையும் அளவு ஒரு திறப்பும் வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளே வரும் தண்ணீர் வங்குக்கு வங்கு தேங்கி நிற்கும்.

முனைக்கட்டை என்பது இரு பக்கப்பலகையும் சந்திக்கும் இடத்தில் உள்ளே நிற்கும் ஆப்பு வடிவக் கட்டை. பக்கத்துக்கு 20 டிகிரி சரிவில் தொடங்குங்கள். வளைத்துப் பார்த்த பிறகு இடைவெளி தெரிந்தால் இழைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் நீளமாகவே வெட்டி வையுங்கள், கடைசியில் அறுத்துவிடலாம்.

படி 3: வளைத்து நிறுத்துதல்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டு பக்கப்பலகையையும் ஒரு முனைக்கட்டையில் பசையோடு ஸ்க்ரூ போட்டு இணையுங்கள். நடு வங்கைக் குறித்த இடத்தில் நுழைத்து, மறுமுனைகளைக் கயிறு கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சி விட்டு மெதுவாக முறுக்குங்கள். பலகைகள் ஒன்றையொன்று நெருங்கி வரும். 6 மி.மீ. பிளைவுட் இந்த அளவு வளைவுக்கு ஆவியோ வெந்நீரோ கேட்காது. இரண்டாவது முனைக்கட்டையை முதலில் பசையில்லாமல் பொருத்திப் பார்த்து, சரியாக உட்கார்ந்த பிறகு ஒட்டுங்கள். அடுத்து மற்ற இரண்டு வங்குகள்.

இப்போது படகின் உருவம் வந்துவிட்டது. அடிப்பலகை இல்லாததால் இன்னும் கையால் முறுக்க முடியும். இந்தக் கட்டத்தில்தான் நிதானம் வேண்டும். அடிப்பலகை ஒட்டிய பிறகு எந்தக் கோணலையும் திருத்த முடியாது, முறுக்கிய படகோ ஆயுளுக்கும் ஒரு பக்கமே இழுக்கும்.

படகைக் கவிழ்த்து இரண்டு முக்காலிகளின் மேல் வையுங்கள். முனையிலிருந்து முனைக்கு நூல் கட்டுங்கள். ஒவ்வொரு வங்கிலும் நடுக்கோடு குறித்திருப்பீர்கள். நூல் மூன்று கோட்டின்மேலும் போக வேண்டும். பிறகு ஒவ்வொரு வங்கின் மேலும் குறுக்காக ஒரு நேரான ரீப்பரைக் கிடத்தி, படகின் முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். மூன்று ரீப்பரும் ஒன்றன்பின் ஒன்றாக இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தால் முக்காலியில் ஆப்பு வைத்து நிமிர்த்துங்கள். கடைசியாக, ஒரு முனையிலிருந்து நடு வங்கின் இரண்டு மூலைகளுக்கும் டேப் பிடித்து அளந்து ஒப்பிடுங்கள், மறுமுனையிலிருந்தும் அப்படியே. இரண்டு நூலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விடாதீர்கள். எல்லாம் சரியானதும் முக்காலியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

படி 4: அடிமூலை ரீப்பர்

பக்கப்பலகையின் கீழ் விளிம்பை ஒட்டி உள்பக்கமாக முக்காலுக்கு ஒன்றரை அங்குல ரீப்பர் ஓடும். அடிப்பலகைக்குப் பிடிமானமே இதுதான். பசை தடவி, வங்குக் காடிகளில் உட்கார வைத்து, நடுவிலிருந்து தொடங்கி இரண்டு முனைக்கும் கிளாம்ப் போட்டுக்கொண்டே போங்கள். ரீப்பர் அடம்பிடித்தால் ஒரு இரவு நனைத்து வைத்து, வளைத்துக் கட்டி, முழுதாகக் காய்ந்த பிறகு ஒட்டலாம். ஈரமாக இருக்கும்போது எபாக்ஸி பிடிக்காது.

பக்கங்கள் சாய்வாக நிற்பதால் ரீப்பரின் விளிம்பு தட்டையாக இருக்காது. இருபக்கத்துக்கும் குறுக்காக ஒரு நேர்க்கோலை வைத்து வைத்துப் பார்த்து, கோல் இரண்டு ரீப்பரிலும் முழு அகலத்துக்குப் படியும்வரை இழையுங்கள். பொறுமையைக் கேட்கும் வேலை. இங்கே விடும் இடைவெளி பின்னால் ஒழுகும்.

படி 5: அடிப்பலகை

மிச்சமிருக்கும் இரண்டு ஷீட்டையும் முனையோடு முனை சேர்த்தால் 16 அடி வரும். அடிக்குத் தேவை பதினைந்தடிக்குள். இணைப்பு நடு வங்கிலிருந்து அரையடி தள்ளி விழும்படி நகர்த்திக்கொள்ளுங்கள். இங்கே வளைவு குறைவு என்பதால், உள்ளே 8 அங்குல அகலப் பிளைவுட் துண்டு வைத்து ஒட்டுவது போதும்.

ஷீட்டைக் கவிழ்ந்த படகின் மேல் வைத்து, உள்ளிருந்து கோடு வரைந்து, அரை அங்குலம் கூடுதலாக விட்டு அறுங்கள். மரத்தூள் கலந்த எபாக்ஸியை வடை மாவுப் பதத்தில் ரீப்பர், வங்கு, முனைக்கட்டை எல்லாவற்றிலும் தாராளமாகத் தடவி, அடிப்பலகையை வைத்து, நடுவிலிருந்து முனைகளை நோக்கி மூன்று நான்கு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ. வெயில் நேரத்தில் எபாக்ஸி கிண்ணத்திலேயே சூடேறிக் கெட்டியாகும். அதிகாலையில் தொடங்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். படகைத் திருப்பி, உள்மூலையில் பிதுங்கிய பசையை விரலால் வழித்து வளைவாக்குங்கள்.

காய்ந்ததும் நீட்டி நிற்பதை இழைத்து, வெளி விளிம்பைச் சற்று உருட்டி, அடி முழுவதும் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ஃபைபர் கிளாஸ் துணி விரித்து எபாக்ஸியில் ஒட்டுங்கள். பக்கத்தில் மூன்று அங்குலம் மடிந்து ஏறட்டும். துணி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தால் எபாக்ஸி போதும். அதற்கு மேல் ஊற்றுவது வெறும் கனம். அடுத்த பூச்சுக்கு முன் மேற்பரப்பைத் தண்ணீரில் கழுவி உப்புத்தாள் போடுங்கள். காய்ந்த எபாக்ஸியின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும், அதன்மேல் எதுவும் ஒட்டாது.

அடியில் நீளவாக்கில் மூன்று ரீப்பர்களை ஒட்டினால் கரையில் இழுக்கும்போது தேய்வது அவைதான், அடிப்பலகை தப்பிக்கும். படகு நேராக ஓடவும் உதவும்.

படி 6: விளிம்பு, இருக்கை, காற்றறை

மேல் விளிம்பின் உள்ளும் புறமும் ரீப்பர் வைத்து ஒட்டுங்கள். அதுவரை நெளிந்துகொண்டிருந்த படகு உடனே விறைப்பாகிவிடும்.

இருக்கைகளை வங்குகளின் அடிச்சட்டத்தின் மேல், ஐந்து அங்குல உயரத்தில் வையுங்கள். காலை நீட்டி உட்கார முதலில் சிரமமாக இருக்கும். முதுகு சாய ஒரு பலகை வைத்தால் போகும். இருக்கையை முன்பின்னாக நகர்த்தும்படி செய்தால், தனியாகப் போகும்போது நடுவுக்கு இழுத்துக்கொள்ளலாம்.

இரண்டு முனையிலும் மூன்றடி நீளத்தைப் பிளைவுட்டால் மூடி, உள்ளே இறுக மூடிய காலி பிளாஸ்டிக் பாட்டில்களை அடைத்துவிடுங்கள். படகில் தண்ணீர் நிறைந்தாலும் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். மரம் தானாக மிதக்கும்தான். ஆனால் நீங்கள் பிடித்துத் தொங்கும்போது உங்களைத் தாங்கப்போவது இந்த அறைகள். இதைத் தவிர்க்கிறவர்களை நான் ஏற்க மாட்டேன்.

கடைசியில் எல்லா இடத்திலும் மூன்று பூச்சு பெயிண்ட். எபாக்ஸியை வெயில் அரித்துவிடும் என்பதால் இது அலங்காரம் இல்லை, கவசம். உள்ளே வெளிர் சாம்பலோ மணல் நிறமோ அடித்தால் வெயிலில் சுடாது, கண்ணும் கூசாது.

தண்ணீரில் இறக்கிச் சோதித்தல்

இடுப்பளவுத் தண்ணீரில், உயிர்காப்பு உடுப்போடு, கரையில் ஒருவரை நிறுத்திக்கொண்டு சோதியுங்கள். உட்கார்ந்தபடி ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்துகொண்டே போங்கள். எந்த இடத்தில் படகு எதிர்த்து நிற்பதை விட்டுவிடுகிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். தூண்டிலை வீசுவது போல, மீனைத் தூக்குவது போல அசைந்து பாருங்கள். பிறகு வேண்டுமென்றே படகில் தண்ணீரை நிரப்பி, அது மிதக்கிறதா, விளிம்பைப் பிடித்துக்கொண்டு நீங்களும் மிதக்க முடிகிறதா என்று பாருங்கள்.

லூசியானாவில் பிரோக்கில் நின்றுகொண்டே கழி போடுகிறவர்கள் உண்டு. சிறு வயதிலிருந்து பழகியவர்கள் அவர்கள். நின்று வீச்சுவலை போட வேண்டும் என்றால் அடி அகலத்தை 36 அங்குலமாக்குங்கள். நிமிர்த்தும் திறன் இன்னும் 70 சதவீதத்துக்கு மேல் கூடும், கனமும் கூடும். அல்லது இலங்கையின் ‘ஒருவ’ என்ற படகில் இருப்பது போல ஒரு பக்கம் மிதவைக் கட்டை கட்டலாம்.

ஏரி, காயல், குளம், ஓட்டம் குறைந்த ஆறு ஆகியவைதான் இந்தப் படகின் இடம். அலையடிக்கும் கடலுக்குக் கொண்டு போகாதீர்கள். தட்டை அடியை அலை அறையும், தாழ்ந்த விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வரும். பெரிய ஏரியிலும் காற்று எழுந்தால் கரையோரமாகவே திரும்புங்கள். நீர்நிலை யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் அனுமதி பெற்ற பிறகே மீன் பிடியுங்கள். லூசியானாவில் மோட்டார் மாட்டினால் படகைப் பதிவு செய்தாக வேண்டும்.

வேலை முடிந்ததும் படகைக் கவிழ்த்து, தரையில் படாமல் இரண்டு கட்டைகளின் மேல் நிழலில் வையுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே தேங்கும்படி நிமிர்த்தி வைத்தால்தான் பிளைவுட் அழுகும். கல்லில் உரசி ஃபைபர் பெயர்ந்திருந்தால் அன்றைக்கே பூச வேண்டாம். உள்ளே போன ஈரம் நன்றாகக் காயும்வரை சில நாள் விட்டு, உப்புத்தாள் போட்டு, அதன்பிறகு எபாக்ஸியும் துணியும் வைத்து மூடுங்கள்.